மணற்காட்டில் புதைந்த வான்

மச்சான்,

கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ள மோட்டர்ஹோமில் கனடாவைச் சுற்றினது பற்றி மாரியில் நீ எழுதினதற்கு இப்போதுதான் பதில், ஏசாதே. சுகமாக இருக்கிறோம், இரத்தத்தில் சீனி மட்டும் கொஞ்சம் அதிகம்.

அந்தப் பழைய டொல்பின் வானை நான் விற்கவில்லை. பின் சீற்றுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தச்சரைப் பிடித்து இரண்டு பேர் படுக்கிற மாதிரி ஒரு பலகைக் கட்டில், காஸ் அடுப்பு, கூரையில் சோலர் தகடு, இரவு முழுக்கக் கத்துகிற விசிறி ஒன்று, எல்லாம் பூட்டியாயிற்று. உன் மோட்டர்ஹோம் படத்தைப் பார்த்து வந்த எரிச்சல்தான், வேறொன்றுமில்லை. நெட்டையன் வந்து வானைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சேர்க்கஸ் எப்ப துவங்குது?" என்று கேட்டான்.

ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு 4000 கிலோமீற்றருக்கு மேல், 8 நாளில் ஓடி முடித்தேன் என்று எழுதியிருந்தாய். அதில் எந்த நாள் உனக்கு நினைவிருக்கிறது? சும்மா கேட்கிறேன். இங்கே அந்த வசதி இல்லை. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணம் 35 கிலோமீற்றர்கூட வராது. உன்னைப்போல மிதித்தால் குடாநாடு ஒரு பகலில் முடிந்து கடலுக்குள்தான் இறங்கவேணும். அதனால் நாளுக்கு 10, 15 கிலோமீற்றர், அவ்வளவுதான். பொன்னாலைப் பாலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று வலை வீசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க இருந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து அந்தப் பாலத்தால் காரைநகர் போய்வந்தவன், ஒருநாளும் இறங்கி நின்றதில்லை.

தண்ணீர்தான் பெரிய பாடு. 20 லீற்றர் கான் இரண்டு. வீட்டில் மோட்டரைப் போட்டு மறந்து தாங்கி வழிய விடுகிற நான், இப்போது குவளையால் அளந்து முகம் கழுவுகிறேன். தீவுப்பக்கம் பல கிணறுகள் உவர், நல்ல தண்ணீருக்கு வீட்டுப் படலையில் நின்று கேட்கவேணும். கேட்டால் கானை நிரப்ப முதல், "நீங்கள் ஆரின்ர மகன்?" விசாரணை முடிய ஒரு மணித்தியாலம், தேத்தண்ணியும் பனங்கட்டியும் வரும், நானும் அவர்களுக்கு ஏதோ வழியில் சொந்தம் என்று கண்டுபிடிப்பார்கள். அந்தந்த வீட்டுக் கக்கூஸும் கிடைத்துவிடும். உனக்கோ கக்கூஸ் தாங்கி நிரம்பினால் அதற்கென்று ஒரு இடம் தேடிப்போய்க் குழாய் பூட்டி ஊற்றவேணுமாமே, பாவம்.

ஒன்று சொல்லவேணும். முதல் இரவு நாவற்குழி தாண்டி வயல்கரையில் நிறுத்தினேன். மனுசி நித்திரை கொள்ளவேயில்லை. இரண்டு மணிபோல எழும்பியிருந்து, "ஒருத்தரும் கலைக்காமல் ஏனப்பா ரோட்டுக்கரையில படுக்கிறம்?" என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. 1995 ஒக்ரோபர் 30, ஆமி முன்னேற, அந்த மழை இரவில் ஊரைவிட்டு வெளிக்கிட்ட வலிகாமச் சனம் நாவற்குழிப் பாலத்தால்தானே நடந்தது. மூத்த மகள் மனுசியின் தோளில், மூன்று மாதக் குழந்தை. நீ அப்போது கனடாவில் முதல் பனி பார்த்துக்கொண்டிருந்தாய். குற்றமாகச் சொல்லவில்லை, அந்தச் சனத்தோடு நடந்த நானே மறந்துபோய் அந்த இடத்தில் வானை நிறுத்தியிருக்கிறேன், மடையன். உடனே திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு கிழமை வான் போர்ட்டிகோவில் கிடந்தது, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அவளே, கடற்கரைப் பக்கமென்றால் வருகிறேன் என்றாள். மணற்காட்டுக்குப் போனோம். மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கிற பழைய அந்தோனியார் கோவிலைக் கிட்டப் பார்க்கப்போன என் வானும் அச்சுவரை புதைந்துவிட்டது. அடுத்த நாள் மத்தியானம்தான் மீன்வாடியிலிருந்து ஆட்கள் வந்து, ரயர் காற்றைப் பாதி இறக்கிவிட்டு, கரைவலை இழுக்கிற மாதிரிக் கயிறு கட்டி இழுத்தார்கள். அதற்கு முந்தின இரவு வேறு வழியில்லை, சவுக்கங்காட்டுக் காற்றில் அங்கேயே படுத்தோம். நான்தான் ரயரை நினைத்து முழித்துக் கிடந்தேன். அவள் குறட்டை விட்டாள், மச்சான். விசிறிச் சத்தத்துக்கு மேலால் கேட்டது.

வெளிக்கிட்ட வானை அவள் வீட்டுக்கு விடச் சொல்லவில்லை. வாடியில் தந்த மீனில் சொதி வைத்து, இன்னும் ஒரு இரவு நின்றுவிட்டுத்தான் வந்தோம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய்தானே, கோட்டல் போடாதே. கட்டில் இரண்டு பேருக்குத்தான், உனக்கு வானுக்குக் கீழே பாய். வரும்போது சத்தம் போடாத 12 வோல்ட் விசிறி ஒன்று கொண்டுவா. சொக்கிலேற் வேண்டாமாம், மனுசி சொல்கிறாள்.