ஜோஜோபா சீனத்துச் செடி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் கூந்தல் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையில் ‘சீனாவில் விளையும் ஜோஜோபா’ என்று படித்தேன். எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அதன் தாவரவியல் பெயரே சிம்மாண்ட்சியா சைனென்சிஸ்; சைனென்சிஸ் என்றால் ‘சீனாவைச் சேர்ந்தது’. முப்பது வருஷம் பள்ளியில் தாவரவியல் நடத்திய நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மகள் வீட்டுக்கு அரிசோனா போய் அந்தச் செடியை நேரில் பார்க்கும் வரை.

அதன் சொந்த ஊர் சொனோரா பாலைவனம். அரிசோனா, தெற்குக் கலிபோர்னியா, மெக்சிகோவின் வடமேற்கு மூலை, அவ்வளவுதான். மாதிரிச் செடியோடு இருந்த சீட்டில் கலிபோர்னியாவை ‘கலிஃப்’ என்று சுருக்கி எழுதியதை ‘சைனா’ என்று வாசித்துவிட்டார்கள் என்பார்கள். 1822இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் லிங்க் வைத்த ‘சைனென்சிஸ்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. ஊர் தப்பு என்பதற்காக மாற்ற மாட்டார்கள்.

அரிசோனாவின் டூசான் நகருக்குப் பக்கத்துக் குன்றுச் சரிவில், சகுவாரோ கள்ளிகளுக்கு நடுவே, என் தோள் உயரத்துக்குப் புதர் புதராக நின்றது. ஜூன் வெயிலில் சுற்றிலும் புல் கருகிக் கிடக்க, இதில் மட்டும் இலை உதிரவில்லை. தொட்டுப் பார்த்தால் தோல் மாதிரி தடிப்பு. சாம்பல் பூத்த பச்சை. இலைகள் ஜோடி ஜோடியாக, கைகூப்பியது போலச் செங்குத்தாக நிற்கின்றன. உச்சி வெயில் விளிம்பில்தான் படும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயிலை முழு இலையும் வாங்கிக்கொள்ளும். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்ட வகுப்பறை இல்லையே என்று அன்று கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருந்தது.

நம் பனை மாதிரி இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. மார்ச்சில் பெண் பூவைப் பார்த்தேன்: வெளிர்பச்சை நிறம், இதழே கிடையாது, தலைகவிழ்ந்து தொங்குகிறது. மகரந்தம் காற்றில் வர வேண்டும். கோடையில் கொட்டை முற்றியதும் மாப்பிள்ளை ஒன்றை வாயில் போடப் போனார், தடுத்துவிட்டேன். அதன் எடையில் ஏறக்குறைய பாதி, நாம் எண்ணெய் என்று சொல்லும் சரக்கு. உண்மையில் அது திரவ மெழுகு, நமக்குச் செரிக்காது. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயும் பெரும்பாலும் இப்படிப்பட்ட மெழுகுதான். 1970களில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்த பிறகே இந்தப் புதருக்கு மவுசு கூடியது.

அப்புறம், அங்கே யாரும் ‘ஜோஜோபா’ என்பதில்லை, ‘ஹொஹோபா’ என்கிறார்கள். சரி, ஷாம்பு பாட்டிலில் எப்படிப் படித்தாலும் போகட்டும். சீனாவை மட்டும் அடுத்த ஞாயிறு திருத்திப் போடுங்கள்.

– ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
கோவில்பட்டி