ரேட்டிங் பார்ப்பவர்கள் பட்ஜெட்டையும் பார்க்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலிபோர்னியாவில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளிக்கூட ரேட்டிங்கைப் பார்த்தே தெருவை முடிவு செய்வதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் அந்தப் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரிகூட இல்லை.

"நாம் கட்டும் ப்ராப்பர்ட்டி டாக்ஸில் நம் ஊர்ப் பள்ளி நடக்கிறது, மாநில பட்ஜெட் எப்படிப் போனால் நமக்கென்ன?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அப்படியல்ல. 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொபசிஷன் 13 என்ற சட்டம் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்டதிலிருந்து, இங்கே பெரும்பாலான பள்ளி மாவட்டங்கள் (ஒரு வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவின் கையைத்தான் எதிர்பார்த்து நிற்கின்றன. சாக்ரமெண்டோவோ வருமான வரியை நம்பியிருக்கிறது, அதிலும் பெரும் பணக்காரர்களின் பங்குச் சந்தை லாபத்தை. சந்தை சரிந்தால் இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குக்கூட அடி விழும். பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நிதி என்று 1988-இல் புரொபசிஷன் 98 கொடுத்த உத்தரவாதமும் மாநில வருவாய் இறங்கினால் கூடவே இறங்கக்கூடியதுதான்.

வெட்டு எப்போதும் வெட்டு என்ற பெயரில் வருவதில்லை. 2008 சரிவுக்குப் பிறகு, தர வேண்டிய பணத்தை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போட்டார்கள். சம்பளம் போடப் பள்ளி மாவட்டங்கள் கடன் வாங்கின. 180 நாள் பள்ளி ஆண்டை 175 நாளாகக் குறைத்துக்கொள்ளவும் சட்டம் வழிவிட்டது.

இதில் பெரிய கூத்து தேதிகள்தான். அடுத்த ஆண்டு வேலை இல்லாமல் போகலாம் என்று ஆசிரியர்களுக்கு மார்ச் 15-க்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சட்டமன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றக் கெடு ஜூன் 15. கையில் எவ்வளவு வரும் என்று தெரியாமலே ஆட்களைக் கழிக்கிறார்கள். செலவில் பெரும்பகுதி சம்பளம் என்பதால் வேறு எங்கே கை வைப்பது? பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்தவருக்கே முதல் நோட்டீஸ். மே மாதம் "இருங்கள்" என்று சொல்வதற்குள், நல்ல இளம் ஆசிரியர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

எங்கள் பள்ளி மாவட்டத்தில் ஒரே நூலகரை இரண்டு பள்ளிகளுக்குப் பங்கு போட்டார்கள். இப்போது செவ்வாயும் வியாழனும்தான் நூலகம் திறக்கிறது. நர்ஸுக்கும் இதே கதை. ஓவிய வகுப்பு மட்டும் தப்பியது, பெற்றோர் சங்கம் நன்கொடை திரட்டியதால். எங்களால் முடிந்தது. பெற்றோர் இரண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கும் பக்கத்துப் பள்ளியில் யார் திரட்டுவார்கள்?

பாலோ ஆல்டோ போன்ற சில ஊர்களில் உள்ளூர்ச் சொத்து வரியே மாநில ஒதுக்கீட்டுக் கணக்கைத் தாண்டிவிடும். மிச்சம் அவர்களுக்கே. எனவே சாக்ரமெண்டோ தும்மினாலும் அங்கே சளி பிடிக்காது. ரேட்டிங் ஒன்பது, பத்து என்று நாம் அலைவதில் கொஞ்சம் இந்தப் பணத்தின் மகிமையும் உண்டு.

இன்னொன்று, இது நமக்கே. இங்கே மாநில நிதி, சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அல்ல, தினசரி வருகையின் சராசரிக்கு. டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத் திரும்பும் குடும்பங்கள், கிளம்பும் முன் பள்ளி அலுவலகத்தில் 'இண்டிபென்டன்ட் ஸ்டடி' (பள்ளிக்கு வராமலே பாடம் படிக்கும் ஏற்பாடு) கேட்டு எழுதிக் கொடுத்தால், பிள்ளை வீட்டுப்பாடத்தை முடிக்கும்பட்சத்தில், வருகைக் கணக்கு காப்பாற்றப்படும். கேட்காமல் விமானம் ஏறுபவர்கள்தான் அதிகம்.

கவர்னரின் திருத்திய பட்ஜெட் மே மாத நடுவில் வரும். அதை ஒட்டி, எளிய தமிழில் ஒரு கட்டுரை போடுங்கள். ஸ்கூல் போர்டு கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை, ஹெச்1பி விசாவில் இருப்பவரும் எழுந்து நின்று பேசலாம் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கலிபோர்னியா