செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நாம் சேர்ந்து உட்கார்ந்து இசைத்தட்டு கேட்கும் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டு 11 நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையால் நின்றது. செயற்குழு நான்கு முறை கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது, சுண்டல்தான் போதவில்லை.

இனி ஸ்பீக்கர் விஷயம். சென்ற பொதுக்குழுவில், மிருதங்கம் கேட்கிறது, தம்புராவைக் காணோம், பாடகர் வாயில் துணி கட்டிக்கொண்டு பாடுவதுபோல் இருக்கிறது என்று புகார் வந்தது. புது ஜோடி வாங்கச் சொல்லி ஓர் உறுப்பினர் 80,000 ரூபாய்க்கு விலைப்பட்டியலும் கொண்டுவந்தார். பழையதையே சரிசெய்து பார்க்கலாம் என்றவன் நான் ஒருவன்தான். தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் காசில்லாத வேலை. இரண்டு ஸ்பீக்கரும் தரையில், சோபாவுக்குப் பின்னால் இருந்தன. பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, எந்த மூலையில் வைத்தாலும் அறை முழுக்கப் பரவிவிடும். ட்ரெபிள், அதாவது கூர்மையான உயர்ந்த ஒலி, அப்படியில்லை. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 செ.மீ.தான், டார்ச் வெளிச்சம் மாதிரி நேரே போகும், குறுக்கே சோபா இருந்தால் அதோடு சரி. இத்தனை வருஷமாக, ட்ரெபிளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்களான நம் ட்வீட்டர்கள் சோபாவின் முதுகுக்குத்தான் பாடிக்கொண்டிருந்தன. இரண்டு மர ஸ்டூல் தேடி எடுத்து, ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி ஏற்றி, நாம் உட்காரும் பக்கம் சற்றே திருப்பி வைத்தேன். மேலே போர்த்தியிருந்த வெல்வெட் துணியையும் எடுத்துவிட்டேன். அது தலைவர் வீட்டு அன்பளிப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. மன்னிக்கவும், ஆனால் திரும்பப் போடுவதற்கில்லை.

பாதி தெளிந்தது. இடது பக்கம் மட்டும் இன்னும் மந்தம். ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஒரு கண்டென்சர் உண்டு. பேஸைத் தடுத்து ட்ரெபிளை மட்டும் விடுவது அதன் வேலை. நம்முடையதில் இருந்தது, உள்ளே திரவம் ஊறிய எலெக்ட்ரோலிட்டிக் வகை. அந்த வகை நாளாக ஆக உள்ளே காய்ந்து, ட்வீட்டருக்குச் சேர வேண்டியதில் தானும் பங்கு எடுத்துக்கொள்ளும். எலெக்ட்ரானிக்ஸ் பாகம் விற்கும் ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி, அதே 4.7 மைக்ரோஃபாரட் அளவில், காய்ந்துபோகாத பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் கண்டென்சர் இரண்டு வாங்கிவந்து, இரண்டு பக்கமும் மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் ஜோடி ஒத்துப்போகாது. பின்பக்க ட்ரெபிள் குமிழில் களிம்பு ஏறியிருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருகிய பிறகு கரகரப்பு நின்றது.

அன்று மாலை தம்புரா அறைக்குள் வந்தது. கஞ்சிராவின் சலங்கை தனியாக, ஒவ்வொன்றாக விழுந்தது. கேட்க இருந்தவர்கள் நான்கு பேர்.

அடுத்த மாதம் வந்தவர்களில் இருவர், வித்தியாசமே தெரியவில்லை என்றார்கள். சரி என்று, சத்தத்தைக் குறைத்து வைத்து, சுருதி படிப்படியாக ஏறும் டெஸ்ட் டோன் போட்டு, கேட்டால் கை தூக்கச் சொன்னேன். 6,000 ஹெர்ட்ஸ் வரை எல்லாரும் கை தூக்கினார்கள். 8,000இல் பாதிப் பேர். 12,000இல் ஒரு கையும் இல்லை. காபி கொண்டுவந்த பொருளாளரின் பேத்தி மட்டும் காதைப் பொத்திக்கொண்டாள். வயது ஏற ஏறக் காது மேல் பக்கத்திலிருந்துதான் தேய்கிறது, அதற்கு ரிச்சி தெருவில் பாகம் கிடைக்காது. என் கை எந்த எண்ணில் இறங்கியது என்பது இந்த அறிக்கைக்குத் தேவையில்லை.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. கையிருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. ஸ்பீக்கர் வேலைக்கு மொத்தம் 2,000 ரூபாய்க்குள்தான் ஆனது; ஒரு பில் தொலைந்துவிட்டது, ஆட்டோ என் கைக்காசு. 38 உறுப்பினர்களில் 17 பேர்தான் 600 ரூபாய் சந்தா கட்டியிருக்கிறார்கள். விலைப்பட்டியல் கொண்டுவந்தவரும் மீதி 21 பேரில் ஒருவர் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

இடம் தந்தவருக்கும் காபி தந்த குடும்பத்துக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளராகத் தொடரப்போவதில்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ரெக்கார்ட் பிளேயரின் ஊசி தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு எல்பியிலும் கடைசிப் பாட்டு வந்தால் ‘ஸ’ எல்லாம் சீறுகிறது. அதைப் பாதியில் விட்டுப் போக மனம் வரவில்லை. விலை விசாரித்துவிட்டேன், ஆறு பேரின் சந்தா பாக்கியில் அடங்கும். ரசீதுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்