உப்புநீர் தாங்கும் திராட்சை ஒட்டுக்கன்றுகள் வேண்டி மீண்டும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கிணற்றுப் பாசனத் திராட்சை விவசாயிகள்,
உவரி – குட்டம் சுற்றுவட்டாரம், திசையன்விளை தாலுகா, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தோட்டக்கலை அதிகாரி அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து நாங்கள் முன்னர் கொடுத்த மனுக்களுக்கு இதுவரை பதில் கிடைக்காததால், இம்மனுவைத் தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். எங்கள் தேரி எனும் செம்மணலையும், கடல் பக்கம் போகப் போகக் கரிக்கும் கிணறுகளையும் தாங்கள் அறிவீர்கள் என்பதால் ஊரைப் பற்றி விரித்து எழுதவில்லை.

1. எங்கள் பந்தல்களில் உள்ளவை கம்பம் பக்கமிருந்து குச்சியாக வாங்கி நட்டு, சொந்த வேரிலேயே வளர்ந்த பன்னீர்த் திராட்சைக் கொடிகள்.

2. கவாத்துக்குப் பின் தளிர் பச்சையாகத்தான் வருகிறது. காய் திரளும் நேரத்தில் அடியிலைகளின் ஓரம் முதலில் பழுத்து, பின்னர் பழுப்பேறி, நரம்பை நோக்கி உள்ளே காய்ந்துகொண்டே போகிறது. தொட்டால் ஓரம் அப்பளம்போல் நொறுங்குகிறது. இலை போனபின் குலைக்கு இனிப்பு எங்கிருந்து வரும்? பழம் சிறுத்துப் போவதால் வியாபாரி கூடையைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இது உப்புத் தண்ணீரால் வரும் கருகல். ஆனால் பார்வையிட வந்தவர்கள் இதை நோய் என்று சொல்லிப் பூஞ்சாண மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அந்த மருந்தைக் கலக்கவும் எங்களிடம் இருப்பது அதே உப்புத் தண்ணீர்தான்.

3. வேர்ப் பகுதி மண்ணின் உப்பைக் காட்டும் ஈ.சி. (மின்கடத்துதிறன்) அளவு மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டியதுமே திராட்சை விளைச்சல் குறையத் தொடங்கும் என்பதும், அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. கொடியைக் காப்பது வேர்தான். டாக்ரிட்ஜ், ராம்சே, 1103 பால்சன் போன்ற வேர்ச்செடிகள் (நல்ல ரகக் கொடியை மேலே ஒட்டுக் கட்டுவதற்கான, வேர் தரும் செடிகள்) உப்பிலுள்ள குளோரைடைப் பெருமளவு மேலே ஏறவிடாமல் தடுத்துக்கொள்கின்றன. மகாராஷ்டிரத்தில் டாக்ரிட்ஜில் ஒட்டுக் கட்டியே திராட்சை எடுக்கிறார்கள். புனே அருகே மாஞ்சரியில் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையமும், தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கும்போது, அந்தக் கன்று எங்கள் ஊருக்கு மட்டும் வர வழியில்லையா, ஐயா? டாக்ரிட்ஜும் நாளடைவில் உப்பின் மறுபாதியான சோடியத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்பதால்தான், கிணற்று நீரைச் சோதித்து எது பொருந்தும் என்று சொல்லுங்கள் எனக் கேட்கிறோம்.

4. வேறு பயிர் வைக்கச் சொன்னார்கள். கடன் வாங்கிக் கல்தூணும் கம்பியும் போட்ட பந்தலில் முருங்கையையா ஏற்றுவது? நல்ல தண்ணீர் பாய்ச்சச் சொன்னார்கள். நல்ல தண்ணீர் இருந்தால் இந்த மனு எதற்கு!

5. ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கீழே இறக்கினால் அந்த ஆண்டு தப்பிக்கிறோம். மழை பொய்த்தால் சொட்டுநீர்க் குழாய் நனைக்கும் வட்டத்தின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கிறது.

ஆகவே, மண்ணையும் நீரையும் சோதித்து முடிவை எழுத்தில் தரவும், சோடியம் மிகுந்த நிலங்களுக்கு அதை வெளியேற்ற உதவும் ஜிப்சம் மானியத்தில் கிடைக்கச் செய்யவும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒட்டுக்கன்றுகள் வழங்கவும் வேண்டுகிறோம். சோதனை தாமதமானாலும் பொறுப்போம், ஜிப்சத்தைக் கடையிலும் வாங்கிக்கொள்வோம். ஒட்டுக்கன்றை நாங்கள் எங்கே போய் வாங்குவது? அதைத் தாருங்கள், ஐயா. தர இயலாது என்றால் அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திராட்சை விவசாயிகள்