யானைக்குப் பழத்தைவிட மண்தரை முக்கியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருச்சி அருகே எம்.ஆர்.பாளையத்தில் 2019 முதல் இயங்கிவரும் யானைகள் மறுவாழ்வு மையம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குளியலையும் கவளத்தையும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், யானைகளின் பாதங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மீட்கப்பட்டு வரும் யானைகளுக்குப் பெரும்பாலும் பாதத்தில்தான் நோய். மையங்களில் பாகன்களுக்கு அன்றாடம் பொறுமையைச் சோதிக்கும் வேலையும் பாதப் பராமரிப்புதான்.

மூன்று டன் எடையுள்ள ஒரு பெண் யானை நிற்கும்போது, உடல் பாரத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. அதாவது ஒரு பாதத்தில் சுமார் 900 கிலோ. காட்டில் நடந்து நடந்து உள்ளங்கால் தோலும் நகங்களும் தாமாகத் தேயும். சிமென்ட் கட்டுத்தறியில் தேய வழியில்லை, வளர்ச்சி மட்டும் நிற்பதில்லை. தன் மூத்திரத்திலும் சாணத்திலுமே நாள் முழுக்க நிற்பதால் தோல் ஊறி வெடிக்கிறது, வெடிப்பில் கல் ஏறுகிறது, நகத்தின் மேல்விளிம்பில் சீழ் கட்டுகிறது. ஒரு காலில் சங்கிலி போட்ட யானை ஓயாமல் ஆடும். பார்ப்பவர்கள் அது குஷியாக இருக்கிறது என்கிறார்கள். உண்மையில் அடைபட்ட விலங்கின் மனத்தவிப்பு அது. அந்த ஆட்டத்தில் பாதம் ஒரே பக்கமாகத் தேய்ந்து மூட்டும் கெடுகிறது.

சிகிச்சைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. முதலில், பாகன் கேட்டவுடன் காலைத் தூக்கி முக்காலியில் வைக்க யானை பழக வேண்டும். இதை அங்குசத்தால் சாதிக்க முடியாது, தின்பண்டம் கொடுத்துத்தான் பழக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்புக் கரைத்து, பாதத்தைக் கால் மணி நேரம் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்துக் கழுவி, இடுக்கில் உள்ள கல்லை எடுத்து, நன்றாக உலர்த்த வேண்டும். ஊறிப்போன தோல் இறுக நீர்த்த மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல். ஈ மொய்க்காமல் இருக்கச் சுற்றிலும் வேப்பெண்ணெய். நகத்தையும் தடித்த தோலையும் வளைகத்தியாலும் அரத்தாலும் சில மில்லிமீட்டர் மட்டும் சீவி, அடுத்த முறைக்குச் சில வாரம் இடைவெளி விட வேண்டும். ஒரே நாளில் சரிசெய்ய நினைத்து ஆழமாகச் சீவினால் ரத்தம் கசியும், அந்த வலிக்குப் பின் யானை காலைத் தரவே தராது.

சீழ்க்கட்டியில் பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். மேல்தோல் மூடியதும் புண் ஆறிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். சீழ் கீழ்நோக்கி வடிய வழி திறந்தே இருக்க வேண்டும். வழி அடைபட்டால் தொற்று விரல் எலும்புக்குப் போய்விடும். அந்த நிலையில் காப்பாற்றுவது மிகவும் கடினம்.

கால் நோகும் யானை இரவில் படுக்காது, எழ முடியாதோ என்ற பயம் அதற்கு. அதனால்தான் நல்ல மையங்களில் மணலை ஆளுயரத்துக்குக் குவித்து வைக்கிறார்கள். யானை அதில் சாய்ந்து உறங்கும், எழுவதும் எளிது. அனுபவமுள்ள பாகன் காலையில் முதலில் பார்ப்பது விலாப்பக்கத்தைத்தான். அங்கே மண் ஒட்டியிருந்தால் இரவு படுத்திருக்கிறது. அடுத்து நகங்களைச் சுற்றியுள்ள ஈரம். யானைக்கு வியர்ப்பது அந்த இடத்தில் மட்டும்தான், அது வறண்டிருந்தால் உடம்பு சரியில்லை என்று சந்தேகிக்க வேண்டும். பிறகு சாணம். நார் நீளநீளமாக அப்படியே வந்தால் கடைவாய்ப்பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறைதான் கடைவாய்ப்பல் முளைக்கும். கடைசிப் பல்லும் தேய்ந்த கிழ யானைக்குத் தீவனத்தைப் பொடியாக நறுக்கித் தர வேண்டும், இல்லாவிட்டால் வயிறு நிறையத் தின்றும் மெலியும்.

கட்டுரையோடு வந்த படத்தில் ஒருவர் தார் தாராக வாழைப்பழம் நீட்டுகிறார். அவர் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யானைக்கு நாளொன்றுக்கு 150 முதல் 200 கிலோ வரை வேண்டியது புல், சோளத்தட்டை, ஆலந்தழை, தென்னை மட்டை போன்ற நார்த்தீவனம். பழமும் வெல்லமும் சோற்றுக்கவளமும் ஏற ஏற, நடையில்லாத உடம்பு பருத்து, அந்தப் பாரம் முழுவதும் நோயுள்ள பாதத்தில்தான் இறங்குகிறது. காணிக்கையாகத் தர விரும்புவோர் ஒரு வண்டி பசுந்தழையோ, கொட்டாரத் (யானைக் கொட்டகை) தரையில் கொட்ட ஒரு லோடு மணலோ தரலாம். எதையும் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டே தர வேண்டும். நேராகத் துதிக்கையில் கொடுக்கக் கூடாது, மனிதரிடமிருந்து காசநோய் யானைக்குத் தொற்றும்.

கோயில் யானைகளுக்கு 2003-இல் தொடங்கிய புத்துணர்வு முகாம் ஆண்டில் சில வாரங்கள் மட்டும் மண்ணையும் ஆற்றையும் தந்தது. மீதி நாட்களில் அவை நின்றது அதே தரையில். ஒவ்வொரு கோயிலிலும் கட்டுத்தறியின் சிமென்டைப் பெயர்த்துவிட்டு, நீர் வடியும்படி சரிவான மண்தரை அமைக்க அறநிலையத்துறை உத்தரவிட வேண்டும். எந்தெந்தக் கோயிலில் எந்தத் தரை என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதினால் அந்த வேலை சீக்கிரம் தொடங்கும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
திருச்சி