சுகர் மாத்திரை வீடு தேடி வருது, பி12 டெஸ்ட் எப்ப வரும்? வேலூர் மாவட்ட சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் நம்ம ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் வணக்கம்.

காட்பாடி பக்கத்துல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். டாக்டர் இல்ல, பார்மசி படிச்சவன். மனு எழுதிக் குடுத்தா அது எந்த டேபிள்ல போய் தூங்கும்னு எல்லாருக்கும் தெரியும், அதான் நாலு பேர் படிக்கிற மாதிரி இங்கயே எழுதறேன்.

மொதல்ல நல்லதை சொல்லிடறேன். 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சப்புறம் அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் பக்கம் பஸ் ஏறி வந்து மாத்திரை வாங்கிட்டு இருந்த வயசானவங்க பல பேருக்கு பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் வாசல்லயே கிடைக்குது, என் கடையில வியாபாரம் கொஞ்சம் அடி வாங்குச்சு, பரவால்ல, நல்ல காரியம். ஆனா அந்த சுகர் மாத்திரையில நிறைய பேருக்கு வர்றது மெட்பார்மின். அருமையான மருந்து, விலையும் கம்மி, அதை குறை சொல்லவே மாட்டேன். வருஷக்கணக்கா சாப்பிட்டா குடல் பி12 வைட்டமினை இழுக்கறது குறையும், அது மட்டும்தான் சிக்கல். பிரிட்டன் மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2022ல இதை சாதாரணமா வர்ற பக்கவிளைவுன்னே சொல்லி, அறிகுறி இருந்தா பி12 பாருங்கன்னு டாக்டர்களுக்கு அறிவுறுத்துச்சு. அமெரிக்க நீரிழிவு சங்கமும் அப்பப்ப டெஸ்ட் பண்ண சொல்லுது. இங்க வீட்டுக்கு வர்றவங்க பிபி பாக்கறாங்க, சுகர் பாக்கறாங்க, பி12னு ஒரு வார்த்தை எங்கயும் வர்றதில்ல.

இதுல இன்னொண்ணும் சேருது. மெட்பார்மின் வாங்கற அதே ஆளு காலையில வெறும் வயித்துல ஒரு கேஸ் மாத்திரையும் போடறாரு, பேன்டோபிரசோலோ ஒமிபிரசோலோ, பத்து நாளைக்கு எழுதிக் குடுத்தது பல வருஷமா ஓடிட்டு இருக்கும். சாப்பாட்டுல இருக்கிற பி12 பிரிஞ்சு வர வயித்து ஆசிட் வேணும், அதையும் இந்த மாத்திரை அடக்கி வச்சிடுது. போதாக்குறைக்கு வயசானா ஆசிட் தானாவே குறையும். பல்லு போனதால கறி விட்டவங்க, வீட்டுக்காரர் போனப்புறம் கவுச்சியே தொடாத ஆயாங்க, பால்னா டீயில ஊத்தற ரெண்டு சொட்டுதான்னு இருக்கறவங்க நம்ம ஊர்ல எத்தனை பேர். முருங்கைக்கீரை சாப்பிடுங்க எல்லாம் சரியாகும்னு சொல்றோம், கீரையில இரும்பு இருக்கு, பி12 கிடையாது, களியிலயும் கிடையாது. முட்டை, மீன், கறி, பால், தயிர்ல தான் இருக்கு. கல்லீரல் சில வருஷத்துக்கு ஸ்டாக் வச்சிருக்கும், அதனால தீர்றது மெதுவா தீரும், யாருக்கும் தெரியாது.

தீர்ந்தா என்ன ஆகும்னு என் கவுன்ட்டர்லயே பாக்கறேன். ஒரு அம்மா வருவாங்க, "காலு மதமதன்னு கீது நைனா, சத்து மாத்திர இன்னா கீது குடு"ம்பாங்க. ஒரு தடவை ஒத்தக்கால் செருப்போட வந்து நின்னாங்க, இன்னொண்ணு ரோட்டுல எங்கயோ கழண்டு போயிருக்கு, அவங்களுக்கு தெரியவே இல்ல. அவங்க மருமகள தனியா கேட்டேன், மூஞ்சி கழுவ கண்ண மூடினா ஒரு பக்கமா சாயறாங்க, ராத்திரி கரண்ட் போனா நடக்கவே முடியல, ரேஷன் கார்டு எங்க வச்சோம்னு தினமும் தேடறாங்கன்னு சொன்னாங்க. காட்டின இடத்துல கேட்ட பதில்: சுகர்னால நரம்பு போச்சு, மறதி வயசுக்கு வர்றதுதான். இருக்கலாம், நான் மறுக்கல. ஆனா கண்ண மூடினா நிக்க முடியாம சாயறது முதுகுத்தண்டோட பின்பக்க நரம்பு கெட்டாலும் வரும், பி12 இல்லாம போனா அடி வாங்கற இடம் அதுதான். சுகர் நரம்பு வலியும் பி12 நரம்பு வலியும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ரத்தம் பாக்காம பிரிக்க முடியாது. சீக்கிரம் பிடிச்சா பி12 குறைவால வந்தது பெரும்பாலும் சரியாகும். லேட் ஆனா போன நரம்பு முழுசா திரும்பாது.

உங்க கவனத்துக்கு முக்கியமா ஒண்ணு. ரத்தசோகைன்னு வர்ற வயசானவங்களுக்கு இரும்பு போலிக் ஆசிட் மாத்திரை கை நிறைய குடுத்து அனுப்பறோம். பி12 குறைவால வந்த சோகைல போலிக் ஆசிட் குடுத்தா ரத்தம் சரியாகி ஹீமோகுளோபின் ஏறிடும், எல்லாரும் சந்தோஷப்படுவாங்க, உள்ள நரம்பு மட்டும் அது பாட்டுக்கு கெட்டுட்டே போகும்.

இப்ப மறதி நோய்க்கு வர்றேன், இங்க தான் ஜாக்கிரதையா பேசணும், ஏன்னா வைட்டமின் சாப்பிட்டா அல்சைமர் வராதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துது, அதை நம்பி என்கிட்ட டப்பா டப்பாவா கேக்கறாங்க. வித்தா எனக்கு லாபம் தான், ஆனா அது உண்மை இல்ல. ஆக்ஸ்போர்டுல 2010ல வெளியிட்ட ஒரு ஆய்வுல லேசான மறதி இருக்கற 70 வயசு தாண்டினவங்களுக்கு போலிக் ஆசிட், பி6, பி12 சேத்து 2 வருஷம் குடுத்தாங்க, மூளை சுருங்கற வேகம் 30 சதவீதம் கிட்ட குறைஞ்சது, ரத்தத்துல ஹோமோசிஸ்டீன் (பி வைட்டமின் குறைஞ்சா ஏறற ஒரு பொருள்) அதிகமா இருந்தவங்களுக்கு பலன் இன்னும் ஜாஸ்தி. ஆனா 2014ல 11 ஆய்வு, 22,000 பேர் கணக்கை மொத்தமா சேத்து பாத்தப்போ எல்லாருக்கும் பி வைட்டமின் குடுத்து யோசிக்கற திறன்ல ஒரு வித்தியாசமும் வரல. வைட்டமின் டி கதையும் அதேதான், குறைவா இருக்கறவங்களுக்கு மறதி நோய் அதிகம்னு தெரியுது, மாத்திரை குடுத்தா தடுக்கும்னு நிரூபணம் இல்ல. நோய்வாய்ப்பட்டு வீட்டுக்குள்ளயே கிடக்கறவங்களுக்கு டி குறையறதும் சகஜம்தானே, எது காரணம் எது விளைவுன்னே தெளிவில்ல. அதனால குறைவு இருக்கறவங்களை கண்டுபிடிச்சு அவங்களுக்கு குடுக்கறது தான் புத்திசாலித்தனம், ஊருக்கே குடுக்கறது இல்ல.

அளவு தெரியாம சாப்பிடறதும் ஆபத்து. வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதின 60,000 யூனிட் டி மாத்திரையை தினமும் போட்டவங்க உண்டு, கால்சியம் ஏறினா வாந்தியும் குழப்பமும் வரும், அப்புறம் அதையும் மறதின்னே நினைப்பாங்க. பி6 அதிக டோஸ்ல மாசக்கணக்கா போனா அதுவே கால் மரமரப்பை உண்டாக்கும்.

வேலூரை வச்சே ஒரு விஷயம் இருக்கு. 10/66ன்னு பல நாட்டுல நடந்த டிமென்ஷியா (மறதி நோய்) ஆய்வுல நம்ம ஜில்லா கிராமங்களும் இருந்துச்சு. 2008ல வந்த முடிவுல, வழக்கமான அமெரிக்க அளவுகோல்ல கிராமப்புற இந்தியாவுல 65 வயசு தாண்டினவங்கள்ல மறதி நோய் இருக்கறவங்க வெறும் 0.3 சதவீதம்னு வந்துச்சு, ஆய்வுக்காரங்க தங்களோட அளவுகோலை போட்டு பாத்தப்போ பல மடங்கு ஏறிச்சு. காரணம் நமக்கு தெரிஞ்சதுதான், சோறு போட்டு, குளிக்க வெந்நீர் வச்சு, பணம் எண்ணி குடுத்து எல்லாத்தையும் வீட்டுல பாத்துக்கறப்போ பெரியவங்களால முடியலங்கறதே வெளிய தெரியறதில்ல. டாக்டர் கேட்டா "நல்லாத்தான் கீறாரு, வயசாய்டுச்சு இல்ல"ன்னு சொல்லிடுவாங்க.

அதனால என் கோரிக்கை சின்னது. வீட்டுக்கு மாத்திரை கொண்டு வர்ற பெண் தன்னார்வலர் அக்காங்க கிட்ட அஞ்சு கேள்வி குடுங்க: எத்தனை வருஷமா மெட்பார்மின், கேஸ் மாத்திரை கூட உண்டா, கால் மதமதன்னு இருக்கா, கண்ண மூடினா தடுமாறுதா, புதுசா மறதி உண்டா. ஆமான்னு சொன்னவங்களுக்கு பி12 டெஸ்ட், ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி பாக்க வழி பண்ணுங்க, வெளிய லேப்ல பல நூறு ரூபா ஆகுது, முதியோர் பென்ஷன்ல அது முடியாது. 200 பிகோகிராமுக்கு கீழ வந்தா குறைவு, 200ல இருந்து 300 வரைக்கும் சந்தேகம், அறிகுறி இருந்தா விட்டுடாதீங்க. 1000 மைக்ரோகிராம் பி12 ஊசியோ மாத்திரையோ ஸ்டாக்ல வையுங்க. ஒரு நாளைக்கு தேவை 2 மைக்ரோகிராம் சொச்சம் தான், ஆனா பெரிய டோஸ்ல வயிறு கெட்டவங்களுக்கும் ஒரு சதவீதம் தானா உள்ள போயிடும், அதுவே போதும். நரம்பு ரொம்ப பாதிச்சவங்களுக்கு மட்டும் மொதல்ல ஊசியே போடணும். சும்மா கிடக்கற பி காம்ப்ளெக்ஸை குடுத்து பி12 குடுத்தோம்னு கணக்கு காட்டிடாதீங்க, பல மாத்திரைல அது பேருக்கு தான் இருக்கும்.

யாரும் பயந்து மெட்பார்மினை நிறுத்திடக்கூடாது, அதையும் அக்காங்க சேத்து சொல்லட்டும். அணைக்கட்டு ஒன்றியத்துல மட்டும் ஆரம்பிச்சு பாருங்க, கேள்வித்தாளை ஒரு பக்கத்துல தமிழ்ல அடிச்சு தர்றது என் செலவு.

இப்படிக்கு,
காட்பாடி மெடிக்கல் கடைக்காரன்