பேசாத பிள்ளைக்கு அக்கா போதும்

ஹட்டன்
ஞாயிறு

அன்பு தேவகி,

மூன்று வாரமாகப் பதில் போடாதது என் தப்புத்தான். இங்கே விடாத மழை, எல்லோரும் சுகம். உன் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பேசாமலே இருக்கிற அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு வருகிறேன்.

"பிடிவாதக்காரி" என்று எழுதியிருக்கிறாயே, அந்தச் சொல்லை முதலில் விடு. லயத்து வீட்டில் வாய் ஓயாத பிள்ளை மாதக்கணக்காக வகுப்பில் வாயே திறக்கவில்லை என்றால் அது பயம். வைத்தியர்களும் ஒரு காலத்தில் உன்னைப் போலத்தான் நினைத்தார்கள். 1934இல் டிராமர் என்ற மனநல வைத்தியர் இதற்கு வைத்த பெயருக்கு 'விரும்பிப் பேசாதிருத்தல்' என்றே பொருள். 1994இல் அதை 'செலக்டிவ் மியூட்டிசம்', அதாவது சில இடங்களில் மட்டும் பேச முடியாமல் போவது, என்று மாற்றினார்கள், 2013இல் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்தார்கள். நம் கணக்கு வாத்தியார் மேசையில் தட்டிப் பேச வைக்கிற வழி இதற்கு ஆகவே ஆகாது.

அவள் பயமில்லாமல் பேசுகிற ஒருவரை வகுப்பறைக்குக் கூட்டி வந்துதான் தொடங்க வேண்டும். அவள் அம்மா தோட்டத்து மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வர நாலரை ஆகும் என்கிறாய். அம்மாதான் வேண்டும் என்றில்லை. ஐந்தாம் ஆண்டு அக்காவோடு தாராளமாகப் பேசுகிறாள் அல்லவா, அவள் போதும். பள்ளி விட்டதும் வெறும் வகுப்பறையில் இருவரையும் விளையாட விடு. கதவு சாத்தியிருக்கட்டும், நீ வெளியே நில். குரல் கேட்கத் தொடங்கியதும் கதவைக் கொஞ்சம் திற. அடுத்த நாள் உள்ளே போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து கொப்பி திருத்து. பிறகு ஒரு மேசை கிட்ட வா. தினம் பதினைந்து நிமிடம் போதும். குரல் அடங்கினால் ஒரு படி பின்னால் போ, அதில் வெட்கமில்லை.

பக்கத்தில் உட்கார்ந்ததும் கேள்வி கேட்காதே. அவள் செய்வதை மட்டும் சொல்: "சிவப்புக் கட்டைய மேல வைக்கிற." சில நாள் போனதும் "சிவப்பா, நீலமா?" என்று கேட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணு. "சிவப்பு வேணுமா?" என்றால் தலையாட்டிவிட்டு நின்றுவிடுவாள். அந்த ஐந்து செக்கன் உனக்குத்தான் கஷ்டம், வாயாடி! பொறுக்காமல் நாம் அடுத்த கேள்வியைப் போடுகிறோம், இல்லையென்றால் அக்கா முந்திக்கொள்கிறாள். அங்கேதான் கெட்டுப்போகிறது. கிசுகிசுப்பாக வந்தாலும் "சிவப்புன்னு சொல்லிட்ட, நல்லது" என்று மெதுவாகச் சொல். வகுப்பைக் கைதட்ட வைத்துவிடாதே, எல்லோர் கண்ணும் தன்மேல் விழுவதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

உன்னோடு பேச்சு நிலைத்த பிறகு அக்கா கொஞ்சம் கொஞ்சமாக விலகட்டும். பிறகு ஒரு கூட்டாளிப் பிள்ளையைச் சேர். ஆளையும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றாதே.

இன்னொன்று, இதை நாளைக்கே செய். கழிப்பறைக்குப் போகக் கேட்க முடியாமல் இந்தப் பிள்ளைகள் நாள் முழுக்க அடக்கிக்கொள்வார்கள், இந்தக் குளிரில்! ஒரு அட்டையைக் கையில் கொடு, காட்டினால் அனுப்பிவிடு.

கதவு எத்தனை நாளில் திறந்தது என்று எழுது.

உன்
மல்லிகா